அரண்மனைப் பாட்டும் லயத்துப் பாட்டும்

தமிழ் மொழித் தினப் போட்டிக் காலம் வந்துவிட்டால் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் மாலை நேரம் முழுக்கச் சரித்திரப் படப் பாட்டுத்தான். தங்கத் தாள் ஒட்டிய கிரீடம், அட்டையில் வெட்டிய வாள், அம்மாவின் கல்யாணச் சேலையை மடித்துத் தைத்த மேலங்கி என்று மண்டபம் நிறைந்துவிடும். நான் தமிழ் படிப்பிக்கிறேன். வரலாற்று நாடகத்துக்கும் குழு நடனத்துக்கும் பாட்டுத் தேடிக் கொடுப்பது பல வருடங்களாக என் வேலை. சங்கீதம் முறையாகக் கற்றதில்லை. இந்தப் பாட்டுகளோடு வளர்ந்தவள், அவ்வளவுதான்.

இத்தனை காலம் பிள்ளைகளைக் கவனித்ததில் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. ராஜா சபைக்கு வரும்போது ஒலிக்கும் பாட்டு, கொடி ஏறும்போது ஒலிக்கும் பாட்டு, வாழ்க வாழ்க என்று முடியும் பாட்டு எல்லாவற்றையும் அவர்கள் அடி பிசகாமல் ஆடிவிடுவார்கள். போட்டி முடிந்ததும் அது போய்விடும். பஸ்ஸுக்கு நடக்கும்போதும் தோட்டத்து றோட்டில் கூட்டமாக ஏறும்போதும் அவர்கள் வாயில் வருவது வேறு பாட்டு. படகோட்டுகிறவள் பாடியது, அடிமைகள் சேர்ந்து பாடியது, போருக்குப் போகாதே என்று புருஷனை மறித்தவள் பாடியது. எங்கள் அப்பாயி காலத்திலும் இப்படித்தான் இருந்திருக்கிறது. இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான எங்கள் மலையகத்தில் ஒரு சரித்திரப் படம் நிலைத்தது என்றால், ராஜாவுக்குக் கீழே நிற்பவர்கள் பாடிய பாட்டால்தான் நிலைத்தது. என் அனுபவத்தில் இதற்கு விலக்கு மிகக் குறைவு.

இதற்கு ஒரு காரணம் ரேடியோ. எங்கள் பெரியவர்கள் இந்தப் படங்களைப் பார்ப்பதற்கு முன் கேட்டார்கள். டவுனுக்குப் போய்த் தியேட்டரில் படம் பார்ப்பது தீபாவளிக்கோ சம்பள நாளுக்கோ நடக்கிற காரியம். பாட்டு தினமும் வந்தது. எஸ்.பி. மயில்வாகனன் காலத்திலும், பிறகு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது காலத்திலும் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலேயே காத்திருந்து கேட்டார்கள் என்றால், எங்கள் பக்கம் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் எல்லாக் காம்பராவிலும் (அறையிலும்) ரேடியோ கிடையாது. கணக்கப்பிள்ளை வீட்டு ரேடியோ, கடை முதலாளியின் ரேடியோ, திருவிழாவுக்கு மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். ஒலிச்சித்திரம் என்று ஒரு படத்தின் வசனத்தையும் பாட்டையும் தொடர்ந்து ஒலிபரப்புவார்கள். சிவாஜி ஜாக்சன் துரையின் முன்னால் நின்று வரி ஏன் கொடுக்க வேண்டும் என்று சீறுகிற இடத்தை அப்பாயி முதலில் அப்படித்தான் கேட்டார். "தொரைய எதுத்து ஒரு ஆளு பேசுறத அன்னிக்குத்தான் புள்ள கேட்டோம்" என்பார். விடியற்காலம் வேலைக்கு ஆள் கூட்டுகிற பிரட்டுக்களத்தில் தோட்டத் துரையின் முன்னால் தலை நிமிராமல் நின்ற தலைமுறைக்கு அந்தப் பெயரே போதுமாக இருந்தது.

யானையும் அரண்மனையும் கண்ணில் படாமல் கேட்கும்போது பாட்டில் மிஞ்சுவது குரலும் சொல்லும் தாளமும்தான். செட்டுக்குக் கொட்டிய பணம் ரேடியோவில் கேட்காது. எந்தப் பாட்டு நிற்க வேண்டும், எது போகலாம் என்பதை எங்கள் ஆட்கள் அந்தக் கணக்கில் முடிவு செய்தார்கள்.

சரி, கட்டபொம்மனிலிருந்தே தொடங்குகிறேன். 1959 மே மாதம் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்கு இசை ஜி. ராமநாதன். 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜிக்கு நடிப்புக்காகவும் ராமநாதனுக்கு இசைக்காகவும் விருது கொடுத்தார்கள். நடிப்பு விருதைப் பற்றி ஆயிரம் பேர் பேசியிருக்கிறார்கள். இசை விருதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு. ஒரே படத்துக்குள் 'இன்பம் பொங்கும் வெண்ணிலா' என்று பி.பி. ஸ்ரீனிவாஸும் சுசீலாவும் மிதக்கிறார்கள். 'மாட்டுவண்டி பூட்டிக்கிட்டு' என்று இன்னொரு பாட்டு கிராமத்துச் சலங்கையோடு உருளுகிறது. கர்நாடக ராகத்தில் இவ்வளவு ஊறிய ஒருவர் வண்டிப் பாதைத் தாளத்தை இவ்வளவு சரியாகப் பிடித்தது சாதாரணக் காரியம் இல்லை.

ஆனால் எங்கள் பக்கத்தில் உயிரோடு இருப்பது அந்த இரண்டும் இல்லை. வெள்ளையத்தேவன் போருக்குக் கிளம்புகிறான். மனைவி வெள்ளையம்மாள் வழியை மறிக்கிறாள். படத்தில் ஜெமினி கணேசனும் பத்மினியும். குரல் டி.வி. ரத்னம். "போகாதே போகாதே என் கணவா, பொல்லாத சொப்பனம் நானும் கண்டேன்" என்று எடுத்து, கண்ட கெட்ட கனவுகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறாள். மெட்டு பெரிதாக எங்கும் ஏறுவதில்லை. ஒரே வட்டத்துக்குள் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறை வரும்போதும் அவளுக்கு நேரம் குறைகிறது, அவன் இன்னும் ஓர் அடி வாசலை நோக்கி நகர்கிறான் என்ற உணர்வு வந்துவிடும். அழுகையை ரத்னம் குரலில் சேர்க்கவில்லை. எச்சரிக்கை செய்கிற குரல் அது. அதனால்தான் கேட்கிறவர்கள் அழுகிறார்கள்.

இந்தப் பாட்டை அப்பாயி முதல் தடவை கேட்டபோது சொன்னதை அப்பா அடிக்கடி சொல்வார்: "இது நம்ம ரதி பாட்டு. படக்காரன் எங்கேயோ கேட்டுட்டான்."

மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். மாசி மாதம் அமாவாசை கழிந்த பிறையில் எங்கள் தோட்டத்தில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமியில் காமன் எரிவான். சிவனுடைய தவத்தைக் கலைக்க மன்மதன் கிளம்புவதும், நெற்றிக்கண்ணில் எரிந்து போவதும், ரதி புலம்புவதும்தான் கதை. விரதம் இருந்து வேஷம் கட்டுகிற ஆண்கள்தான் ரதியும் மதனும். மன்மதன் புறப்படும் இடத்தில் ரதி மறிப்பாள். கெட்ட கனவு கண்டேன் என்பாள், சகுனம் சரியில்லை என்பாள், தாலியைத் தொட்டுக் காட்டுவாள். கொழுந்து எடுத்துக் களைத்து வந்த பெண்கள் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு அந்தப் பனியில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த இடத்துக்காகத்தான் அவர்கள் தூங்காமல் இருப்பதே.

அந்த ராத்திரியின் இசை முழுவதும் தப்பு என்கிற பறைதான். எங்கள் மலையில் பனி விழ விழத் தோல் தொய்ந்துவிடும். கூத்துக் களத்தின் ஓரத்தில் காய்ந்த மானாப்புல்லை அள்ளிப் போட்டுத் தீ மூட்டி, தப்பின் முகத்தை நெருப்புக்குக் காட்டிக்கொண்டு நாலைந்து பேர் குந்தியிருப்பார்கள். அதிகம் காட்டினால் தோல் வெடித்துவிடும். விரல் நுனியால் ஓரத்தில் ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு, மறுபடி நெருப்பு. சத்தம் கணீரென்று வந்த பிறகுதான் எழுந்து களத்துக்குள் வருவார்கள். கூத்து போகிற போக்கில் தோல் மறுபடி தளரும். அப்போது அடுத்த ஆள் காய்ச்சிய தப்போடு உள்ளே வருவார். தூதன் வரும்போது அடி பறக்கும். ரதி மறிக்கிற இடத்தில் அடர்த்தியெல்லாம் விலகி மெல்லிய குச்சி மட்டும் கிட்டத்தட்ட பேச்சு மாதிரி விழும். ரதியின் குரலுக்கு அடியில் அது மட்டும்தான்.

ராமநாதன் எங்கள் காமன் கூத்தைக் கேட்டார் என்று நான் சொல்லவில்லை. அவர் திருச்சிப் பக்கத்துக்காரர். எங்கள் அப்பாயியின் முன்னோரும் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தான். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, சேலம் என்று தெற்குச் சீமை முழுவதிலும் புருஷனை மறிக்கிற பெண்ணின் பாட்டு கூத்திலும் வில்லுப்பாட்டிலும் ஒப்பாரியிலும் இருந்தது. கட்டபொம்மன் கதையே சினிமாவுக்கு வெகு காலம் முன்பிருந்து கதைப்பாடலாகப் பாடப்பட்டு வந்ததுதான். 1799 அக்டோபர் 16-ஆம் தேதி அவரைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். கால் நூற்றாண்டுக்குள் அந்தப் பக்கத்து ஆட்கள் கம்பளைப் பக்கத்துக் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். மூட்டையில் இருந்ததோ இல்லையோ, வாயில் பாட்டு இருந்தது. சினிமா ஒரு வழியாகப் போய் எடுத்ததை எங்கள் ஆட்கள் நேராகவே கொண்டுவந்திருந்தார்கள். அதனால் அந்தப் பாட்டு ரேடியோவில் வந்தபோது லயத்துக்குப் புதிதாக இருக்கவில்லை.

எம்.ஜி.ஆர். படங்களுக்கு வந்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 1960-இல் வந்த 'மன்னாதி மன்னன்' படத்தின் 'அச்சம் என்பது மடமையடா' பாட்டைத் தெரியாத தமிழர் இருக்க மாட்டார். கண்ணதாசன் எழுதியது, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை, டி.எம்.எஸ். குரல். குதிரைக் குளம்பின் ஓட்டத்தில் போகிற மெட்டு. சரணத்தில் சேரன் கனகவிசயரை வென்ற கதையும் பாண்டியன் இமயத்தில் மீன் கொடி ஏற்றிய கதையும் வருகின்றன. எங்கள் மே தினக் கூட்டங்களில் இந்தப் பாட்டு எத்தனையோ தடவை பாடிக் கேட்டிருக்கிறேன். சரணத்து ராஜாக்கள் அங்கே வந்ததே இல்லை. பல்லவியை நாலு தடவை பாடிவிட்டுக் கோஷத்துக்குப் போய்விடுவார்கள். அந்தப் பல்லவியில் தாயகம் காப்பது கடமை என்று ஒரு வரி இருக்கிறது. 1948-இல் பிரஜாவுரிமை பறிபோய், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை என்று ஆக்கப்பட்ட ஜனம் அதை உரக்கப் பாடியது என்பதை யோசித்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும்.

அப்புறம் 1965. பி.ஆர். பந்துலு இயக்கிய 'ஆயிரத்தில் ஒருவன்'. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் சேர்ந்து இசையமைத்த அந்தக் காலத்தின் கடைசிப் படம் அது. கதை என்ன? பிடிபட்ட ஆட்களைக் கப்பலில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோய் விற்கிறார்கள். அங்கே அவர்கள் அடிமைகளாக மண்ணைத் திருத்த வேண்டும். முதலாளி இருக்கிறான், சவுக்கு இருக்கிறது, ஓட வழி இல்லை. தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு இது ஒரு சாகசக் கதை. மலையகத்தில் இருந்தவர்களுக்கு?

காலத்தையும் பாருங்கள். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரின் கதி பிறகு பேசப்படும் என்று எங்களைக் கேட்காமலே பங்கு பிரித்தார்கள். அடுத்த வருடமே இந்தப் பாட்டுகள் வருகின்றன. 'ஏன் என்ற கேள்வி இங்கு கேட்காமல் வாழ்க்கையில்லை' வாலி எழுதியது. 'அதோ அந்தப் பறவை போல வாழ வேண்டும்' கண்ணதாசன் எழுதியது. இரண்டிலும் டி.எம்.எஸ். ஒரு வரியை எடுத்துக் கொடுக்க, கூட்டம் அதை வாங்கிப் பாடுகிறது. நாற்று நடுகிறவர்களும் கொழுந்து பறிக்கிறவர்களும் பாடுகிற முறையே இதுதான். ஒருத்தர் எடுத்துவிட மற்றவர்கள் வாங்க வேண்டும். ராஜா பாட்டில் கோரஸ் என்பது புகழ்வதற்கு நிற்கிற கூட்டம். இந்தப் பாட்டில் கோரஸ்தான் பாட்டுக்குச் சொந்தக்காரர்கள், நாயகன் அவர்களில் ஒருவன். "ஒரே வானிலே ஒரே மண்ணிலே ஒரே கீதம் உரிமைக் கீதம் பாடுவோம்" என்று எல்லாக் குரலும் சேரும் இடத்தை, குரல் இல்லாத எங்கள் மாமா ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு உதடு மட்டும் அசைத்துப் பாடுவார். பிறகு அவரும் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனார். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். ஏறுகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் அழுத அழுகையால் வந்த பெயர். ஸ்டேஷனில் மாமி தூணைக் கட்டிக்கொண்டு நின்றதை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல். பறவை மாதிரிப் பறந்து போகிற பாட்டைப் பாடியவர்களைச் சீட்டுக் கொடுத்து அனுப்பினார்கள்.

ராஜராஜ சோழனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1973-இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த படம், தமிழின் முதல் சினிமாஸ்கோப், இசை குன்னக்குடி வைத்தியநாதன். பெரிய கோவிலை வாழ்த்துகிற பாட்டெல்லாம் அதில் உண்டு, கம்பீரமாகவே இருக்கிறது. எங்கள் தோட்டங்களில் 1973, 74 பஞ்ச வருடங்கள். மாவுக்கும் அரிசிக்கும் அலைந்தவர்கள் ஞாபகத்தில் அந்தப் பாட்டு இல்லை. இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோவிலில் வெட்டிவைத்த கல்வெட்டு ஒன்று என்னை விடுவதில்லை. திருப்பதியம் பாட 48 பிடாரர்கள், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேர். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல் கூலி. நாட்கூலி! ஆயிரம் வருடத்துக்கு முந்திய தமிழ் இசையைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்த தகவல்களில் இது ஒன்று. சோழ காலத்து மெட்டு எப்படி ஒலித்தது என்று பதிவு கிடையாது. வயலின் கூட்டமும் பித்தளை எக்காளமும் சேர்ந்து முழங்குகிற சோழ அரண்மனை இசை முழுக்க முழுக்க சினிமாக்காரர்கள் செய்தது. செய்யட்டும், அதில் தவறு ஒன்றும் இல்லை. பழைய காலத்தைக் காட்ட வேண்டுமென்றால் யாராவது கற்பனை செய்துதான் ஆக வேண்டும். நான் கேட்பது, கற்பனை செய்கிறவர் அந்த ஐம்பது பேரையும் ஒரு தடவை நினைத்துப் பார்த்தாரா என்பதுதான். உடுக்கை ஒன்று, மத்தளம் ஒன்று, நாட்கூலிக்குப் பாடுகிற 48 குரல். இதைக் கொண்டு ஒரு பாட்டுப் போட்டால் எப்படி இருக்கும்!

ஏ.ஆர். ரகுமான் 'பொன்னியின் செல்வன்' படத்தில் சில இடங்களில் இதற்குக் கிட்டே வந்திருக்கிறார். முதல் பாகத்தின் பின்னணி இசைக்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது நியாயம்தான். இலங்கையில் நடக்கிற பகுதி கதையில் இருப்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தில் தனி ஈடுபாடு உண்டு. அநுராதபுரமும் தம்புள்ளையும் அவர்கள் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த இடங்கள். 'சோழா சோழா' ஆடத் தருகிறேன் என்றால் கை தூக்குவார்கள். வாயில் முணுமுணுப்பது 'அலைகடல்'தான். சிவ ஆனந்த் எழுதி அந்தரா நந்தி பாடியது. கோடிக்கரைப் படகுக்காரி பூங்குழலியின் பாட்டு. கல்கியின் நாவலிலேயே அவளுக்கு ஒரு பாட்டு இருக்கிறது: "அலைகடலும் ஓய்ந்திருக்க அகக்கடல்தான் பொங்குவதேன்?" அந்த வரியின் தனிமையை ரகுமான் விட்டுவிடவில்லை. தாளம் பின்னால் போய், குரலைத் தண்ணீருக்கு மேல் தனியாக விட்டிருக்கிறார். அவள் படகு போகிற கடல் எங்கள் முன்னோர் கடந்த கடல். அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள், வழியில் காய்ச்சலிலும் தாகத்திலும் செத்தார்கள். 2023-இல் எங்கள் ஆட்கள் வந்து 200 வருடம் ஆனதைக் குறிக்கும் 'மலையகம் 200' நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி நடந்தார்கள் இல்லையா, அதற்குப் போய்வந்த ஒரு தங்கச்சி தன் போன் வீடியோவுக்கு இந்தப் பாட்டைத்தான் போட்டிருந்தாள். நந்தினிக்கும் குந்தவைக்கும் கிடைத்த பாட்டை அவள் தேடவில்லை.

அதே படத்தில் 'தேவராளன் ஆட்டம்'. கேட்டால் முதுகு நிமிர்ந்துவிடும். அவ்வளவு தோல் வாத்தியம், அவ்வளவு ஆவேசம். குழு நடனத்துக்கு அதை எடுத்தபோது வகுப்பில் ஒரு பையன் மேசையில் அந்த அடியைத் துல்லியமாகத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் அப்பா எங்கள் பக்கத்திலேயே நல்ல தப்புக்காரர். வீட்டிலிருந்து ஒரு தப்பு எடுத்து வருகிறாயா என்று கேட்டேன். பையன் முகம் மாறிவிட்டது. "வேணாம் டீச்சர்" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

காரணம் எனக்குத் தெரியும், இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் விடியற்காலம் பிரட்டுக்கு ஆள் கூப்பிட்டதும் தப்பு. காமன் கூத்துக்குத் தப்பு. இன்றைக்கு அநேகமாகச் சாவு வீட்டுக்குத்தான் கூப்பிடுகிறார்கள். அடிக்கிறவர் சாதியைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதே தோல் சத்தம் தியேட்டரில் வந்தால் சோழர் பெருமை, லயத்தில் வந்தால் தீட்டு. இது எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். "அண்ணே, பிள்ளைகளுக்கு ஒரு நாள் வந்து காட்டிக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டேன். போனில் இருந்த பாட்டைப் போட்டுக் காட்டினேன். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். "நல்லாத்தான் அடிச்சிருக்காங்க டீச்சர். ஆனா எல்லா இடத்துலயும் ஒரே மாதிரிக் காஞ்சிருக்கு" என்றார். காய்ச்சிய தோல் முதலில் எப்படிப் பேசும், தளரும்போது எப்படிப் பேசும் என்று மடியில் வைத்து அடித்துக் காட்டினார். தளர்ந்த சத்தத்தில் அடிக்க வேண்டிய அடி வேறு இருக்கிறதாம். ரதிக்கு அந்த அடிதானாம். ஸ்டூடியோவில் ஒரே சுருதியில் பதிந்த தாளத்தில் இது வராது. படத்து இசையைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

மூன்று பாட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கச் சொல்லி மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' 2010-இல் வந்தது. அதில் 'தாய் தின்ற மண்ணே', விஜய் யேசுதாஸ் குரல். ஊரை இழந்து ஒளிந்து, பசியில் கிடக்கிற சோழர் கூட்டத்தின் பாட்டு. "நெல்லாடிய நிலமெங்கே" என்று இழந்ததை ஒவ்வொன்றாகக் கேட்கிறது. 2013-இல் பாலாவின் 'பரதேசி'. அதில் ராஜாவே கிடையாது. ஆனால் எனக்கு அதுதான் எங்கள் ஆட்களைப் பற்றி வந்த சரித்திரப் படம், தோட்டம் கடலுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டமாக இருந்தாலும். "செங்காடே சிறுகரடே போய் வரவா" என்று ஊரின் மண்ணிடமே விடைபெறுகிறது ஒரு பாட்டு. இரண்டுக்கும் இசை ஜி.வி. பிரகாஷ் குமார், பாட்டு வைரமுத்து. மூன்றாவது பாட்டுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. எங்கள் மலையில் பாடிப் பாடி வந்தது:

"ஊரான ஊரிழந்தேன்
ஒத்தப்பனைத் தோப்பிழந்தேன்
பேரான கண்டியிலே
பெத்த தாய நாமறந்தேன்."

சினிமாப் பாட்டு இரண்டும் நல்ல பாட்டு. 'தாய் தின்ற மண்ணே' கேட்டு அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதில் நிலம், அவை, களம் என்று இழப்பு பெரியதிலிருந்து பெரியதற்குப் போகும். வாத்தியங்களும் கூடவே ஏறும். நாட்டார் பாட்டு மறுபக்கம் போகிறது. ஊர், அப்புறம் ஒற்றைப் பனைத் தோப்பு, கடைசியில் ஒரே ஒரு ஆள், அம்மா. மற்றதெல்லாம் இழந்ததாகச் சொல்கிறவள் அம்மாவை மட்டும் மறந்தேன் என்கிறாள். பறித்தவர்களை விட்டுவிட்டுத் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறாள். இந்த நாலு வரியையும் மெட்டுப் போட்டு நிரப்பினால் செத்துப்போகும். எந்த இசையமைப்பாளர் கையில் கிடைத்தாலும் அவர் சும்மா இருந்தால் போதும் என்று கும்பிட்டுக் கேட்பேன்.

எங்களுக்கென்று ஒரு பெரிய சரித்திரப் படம் வர வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு. கதை தயாராகவே இருக்கிறது. கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மதுரை நாயக்கர் உறவு முறையில் வந்தவர். 1815 பெப்ரவரியில் பிடிபட்டார். மார்ச் 2-ஆம் தேதி ஒப்பந்தத்தில் கண்டி பிரிட்டிஷாருக்குப் போனது. அடுத்த வருடத் தொடக்கத்தில் அவரைக் கொழும்பிலிருந்து கப்பலேற்றி வேலூருக்கு அனுப்பினார்கள். 1832-இல் அங்கேயே செத்தார். அதே கடலில், அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே, எங்கள் ஆட்களை எதிர்த்திசையில் கொண்டுவந்தார்கள். ராஜா அந்தப் பக்கம் போனார், கூலிகள் இந்தப் பக்கம் வந்தார்கள். அந்தப் படத்தில் ராஜாவின் கப்பலுக்கு எவ்வளவு பெரிய வாத்தியக் கோஷ்டி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். நடந்து வருகிறவர்களுக்கு ஒரு தப்பும் ஒரு குரலும் போதும். அந்தத் தப்பையும் பனியில் தளரவிட்டே பதிய வேண்டும்.

படம் வருகிறபோது வரட்டும். இந்த வருடத்து நாடகத்தை நாங்கள் அப்படித்தான் போடுகிறோம். கதை பிள்ளைகள் எழுதியது. 'தேவராளன் ஆட்டம்' இருக்கத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள், அரண்மனைக் காட்சிக்குச் சரி என்றுவிட்டேன். மன்னார்ப் பாதைக் காட்சிக்குப் பதிவு செய்த பாட்டு கிடையாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பாடுகிறாள். அந்தப் பையன்தான் தப்பு. அவன் அப்பா இரண்டு சனிக்கிழமையாக வந்து உட்கார்ந்து அடி திருத்துகிறார். ரதி மறிக்கிற பாட்டு முழுவதும் தெரிந்த பெரியவர்கள் எங்கள் தோட்டத்தில் இப்போது இல்லை. எங்களுக்குக் கிடைத்திருப்பது பாதிதான். மஸ்கெலியா, புசல்லாவை, பதுளைப் பக்கத்தில் காமன் கட்டுகிற தோட்டங்களில் யாராவது முழுதாகப் பாடினால், வாத்தியம் எதுவும் சேர்க்காமல் போனில் அப்படியே பதிந்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். வலயப் போட்டிக்கு முன்னால் கிடைத்தால் நாடகத்தில் சேர்த்துவிடுவோம். மண்டபத்துக்குப் பின்னால் மானாப்புல் கொளுத்த இடம் கேட்டு அதிபரிடம் கடிதமும் கொடுத்தாயிற்று.